தவளை அடைத்த குழாய்

வேலுவுக்கு,

ஹாஸ்டலில் படுக்கையை விரித்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பக்கத்துக் கட்டில்காரன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இதைப் படி. நீயும் அப்பாவும் இப்போது வாளியும் பூட்டும் வாங்கப் பண்ருட்டிக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து, உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடுவேன். யாராவது எட்டிப் பார்த்தால் மறைக்காதே, படித்தாலும் படிக்கட்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறவள்தான் நான், ஆனால் எழுதும்போது எனக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. அக்கா எழுதியது மாதிரி இல்லையே, பெற்றவள் எழுதியது மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பையன்கள் கேட்டால், ஆமாம் என்று சொல். அம்மா போனபோது நீ ஒன்றாம் வகுப்பு. உனக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, காய்ச்சல் பார்த்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டதெல்லாம் நான்தான். உன்னைவிட நாலு வயது மூத்தவள், அவ்வளவுதான். இன்று நீ என்னைவிட ஒரு தலை உயரம். அதனால் வளர்ந்த பிள்ளைக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் நீ சொன்ன ஒரு சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. "புடிக்கலன்னா வந்துடறேங்க்கா. ஏழுமலை மாமா பட்டறைல எப்ப வேணா சேத்துக்குவாரு" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் அதைச் சொல்லும்போது வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாய், என் முகத்தை அல்ல. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படிக்க உனக்கு அந்த அரசுப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். அந்த இடத்தை நேற்றோடு நீ கைவிட்டிருப்பாய், நூலிழையில் தப்பியது. நீ விட இருந்ததற்கும் ஒரு தவளைதான் காரணம், விடாமல் போனதற்கும் அதே தவளைதான் காரணம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதை வெட்கப்பட்டு மறக்கப் பார்க்கிறாய். மறக்க வேண்டிய கதை இல்லை அது.

அந்தத் தவளை நம் வீட்டுக்குப் புதியது இல்லை. உனக்கு நினைவு இருக்கிற நாளிலிருந்து பின்பக்கத் தொட்டிச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாம் செவுத்துத் தவளை என்போம், உன் புத்தகத்தில் மரத்தவளை என்று போட்டிருந்தது. கீழண்ட வீட்டு அத்தைக்கு அது தேரை. நீ சின்ன வயதில் எலும்பும் தோலுமாக இருந்தாய். "வூட்ல தேரய வெச்சிகினு புள்ள தேறல தேறலன்னா எப்பிடிடி தேறும்? பாஞ்சிருக்கும் அவன் மேல. ஒரு கை உப்ப அள்ளி அது மேல போடு, ஓடிடும்" என்று அத்தை என்னை நச்சரித்தாள். நானும் நம்பினேன். கல்லுப்பை அள்ளிக்கொண்டு போனபோது நீ குறுக்கே வந்து நின்றுகொண்டு, "அதுக்கு எரியுங்க்கா" என்றாய். சிராய்த்த முழங்காலோடு உப்புத் தண்ணீரில் கால் வைத்தவன் நீ, உனக்குத் தெரியும். உப்பைத் திரும்ப ஜாடியில் கொட்டினேன். அப்புறம் நீ தேறியதற்குக் காரணம் நான் தினமும் போட்ட முட்டையா, பள்ளியில் போட்ட முட்டையா என்பது வேறு கதை. தேரை எங்கும் போகவில்லை, நீயும் தேறிவிட்டாய்.

அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம். பகலில் கையையும் காலையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் பூசிய சிமெண்டுக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். உடம்பில் இருக்கிற ஈரம் காற்றில் போய்விடக் கூடாதென்று அப்படிச் சுருங்குகிறது என்று நீ பிறகு படித்துவந்து சொன்னாய். வெயில் நேரத்தில் வெளுத்து மணல் நிறத்தில் இருக்கும், பொழுது சாய்ந்தால் பழுப்பாகிவிடும். நடு வெயிலில் நம் ஊர்ப் புழுதி எல்லாவற்றின் மேலும் படிந்து கிடக்கும்போது அது குளியலறைக்குள் வந்து குடத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர் மேலே தெறித்தால் கண்ணைத் திறக்கும், அவ்வளவுதான். விளக்குப் போட்டதும் டியூப்லைட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்து விட்டில் பிடிக்கும், கரப்பான் பிடிக்கும். விழுங்கும்போது அதன் இரண்டு கண்ணும் தலைக்குள்ளே இறங்குவதை முதலில் கவனித்தவன் நீ. "கண்ணால சோத்த உள்ள தள்ளுதுக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். நான் நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிற்கவைத்து, அடுத்த பூச்சி வரும்வரை நகரவிடவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. அது தாவும்போது மட்டும் தொடையின் பின்பக்கத்தில் மஞ்சள் பொட்டுகள் தெரியும், உட்கார்ந்துவிட்டால் மறைந்துவிடும். அந்தப் பொட்டைப் பார்ப்பதற்காகவே தென்னங்குச்சியை அதன் பக்கத்தில் லேசாகத் தட்டுவாய். குச்சி ஒருநாளும் அதன் மேல் பட்டதில்லை.

மழைக்காலத்தில்தான் அதற்கு வாய் திறக்கும். ஆண் தவளை சின்னது, சத்தம் போடுவது அதுதான். விரல் கணுவால் பலகையைத் தட்டுகிற மாதிரி டக், டக், டக் என்று அடிக்கும். சுரங்க வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டதைச் சொல்ல யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் திறந்து பார்த்திருக்கிறார். பெண் தவளை அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். ஆணை முதுகில் சுமந்துகொண்டே தண்ணீருக்கு மேலே ஒரு இடம் பார்த்து, பின்னங்காலால் அடித்து அடித்து நுரை எழுப்பி, அந்த நுரைக்குள் முட்டையை வைக்கும். முன்பெல்லாம் பின்பக்கக் குட்டைக்கு மேலே சாய்ந்திருந்த சேம்பு இலைகளில் அந்த நுரையைப் பார்த்திருக்கிறோம். முதலில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக இருக்கும், பிறகு மேலே ஏடு காய்ந்து மஞ்சளாகிவிடும். உள்ளே ஈரம் போகாது. சில நாள் கழித்துக் குஞ்சுகள் நெளிந்து நுரையைக் கரைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். "பெத்துப் போட்டுட்டு அது பாட்டுக்கு ஓடிடுதா? நல்ல ஆத்தாதான்" என்று கீழண்ட வீட்டு அத்தை ஒருமுறை சிரித்தாள். நீ விடவில்லை. "தண்ணிக்கு மேலதானே வெச்சிட்டுப் போயிருக்கு அத்தை" என்றாய்.

இந்த வருடம் கத்திரி முடிந்து முதல் மழை பெய்தபோது குட்டை தூர்ந்துவிட்டிருந்தது, சேம்பும் இல்லை. அது சுற்றிப் பார்த்து நம் சிமெண்டுத் தொட்டிக்கு மேலே, குழாய் சுவரை விட்டு வெளியே வருகிற முழங்கை வளைவில் நுரையை வைத்துவிட்டது. அந்த வளைவு ஒழுகிக்கொண்டிருந்தது. கடையில் அடைப்பதற்கு ஏதாவது வாங்கிப் பூசு என்று அப்பா உன்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார், நீயும் மறந்துவிட்டாய். ஒழுகலால்தான் அந்தச் சுவர் எப்போதும் நனைந்திருந்தது, அதனால்தான் அதற்கு அந்த இடம் பிடித்தது. காலையில் பாத்திரம் தேய்க்கப் போனபோதே நான் பார்த்துவிட்டேன். உன்னை எழுப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலை அப்பா வேலை முடிந்து வந்து கால் கழுவப் போனார். நுரை அதற்குள் மஞ்சளாகக் காய்ந்து, கட்டட வேலை நடக்கிற சைட்டில் டப்பாவிலிருந்து பீய்ச்சி ஓட்டை அடைப்பார்களே, அந்த ஃபோம் மாதிரியே இருந்தது. ஆனால் அப்பா ஏமாந்தது கண்ணால் அல்ல. அவர் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப் பக்கம் வேலை செய்கிறவர். எந்த பம்ப் திணறுகிறது, எங்கே கசிகிறது என்பதையெல்லாம் சத்தத்தில்தான் பிடிப்பார். கண்ணைவிடக் காதை நம்புகிறவர். ஒழுகல் நிற்கவில்லை, தண்ணீர் நுரைக்குள் ஊறிச் சுவரோடு சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. சொட்டுகிற சத்தம் மட்டும்தான் நின்றிருந்தது. அப்பாவுக்கு அது போதும்.

"டேய் வேலு, யார்றா இத அடைச்சது? நீயா?" என்றார். உன் வாய் நிறைய பற்பசை. "ம்" என்றாயா, "ம்ஹூம்" என்றாயா என்று எனக்கே தெரியவில்லை. "பரவால்லடா! சைட்ல ஃபோம் அடிக்கிற பசங்க கூட இவ்ளோ கச்சிதமா அடிக்கமாட்டானுங்க. சொட்டு சத்தமே காணோம் பாரு. கையில வேல இருக்குதுடா ஒனக்கு" என்று சொல்லி உன் தோளில் தட்டினார். நீ வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தாய். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்டது. நீ பத்தாவதில் வாங்கிய மார்க்கைப் பார்த்து "சரி" என்று மட்டும் சொன்ன மனிதர் அவர். உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. போகட்டும், இரண்டு நாளில் நுரை கரைந்துவிடும், அப்போது சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அப்பா டீக்கடையில் சொன்னார், பம்ப் பக்கத்தில் சொன்னார், ஏழுமலை மாமாவிடமும் சொன்னார். மாமாவின் மோட்டார் பட்டறைக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது. சாயங்காலம் சோறு போடும்போது அப்பா முடிவாகவே பேசினார். "படிச்சிட்டு இன்னா, பர்மனென்ட் ஆவப் போறியா? நானே இத்தினி வருஷமா கான்ட்ராக்ட்ல கெடக்கறேன். கையில தொழில் இருக்குது ஒனக்கு. மாமாகிட்ட போயி கத்துக்கோ." நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே "சரிப்பா" என்றாய். பள்ளியில் சேர வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. பின்பக்கம் கூப்பிட்டு, "ஏன்டா சரின்ன?" என்று கேட்டேன். "அவரு சந்தோஷமா இருக்காருக்கா" என்றாய். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றுகூட உனக்குத் தெரியாது. தவளை கட்டிய கூட்டுக்காக அவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தையைக் காப்பாற்ற, வாழ்நாள் முழுக்க மோட்டார் கழற்றத் தயாராக இருந்தாய்.

நேற்றுக் காலை தூறலோடு ஏழுமலை மாமா வந்தார். உன் கைவேலையைப் பார்க்க வேண்டும் என்று அப்பாதான் பின்பக்கம் அழைத்துப் போனார். நான் வழக்கம்போல் சமையலறைக் கதவுக்குப் பின்னால். மாமா டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, "இன்னா ஃபோமுயா இது? எந்தக் கடையில வாங்கின வேலு?" என்றார். நீ தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மாமா கட்டைவிரலால் அழுத்தினார். ஏடு உடைந்து விரல் உள்ளே போனது. எடுத்தபோது விரல் நுனியில் வாலோடு ஒன்று நெளிந்தது. தொட்டியில் பொட்டுப் பொட்டென்று நாலைந்து விழுந்தன. அதோடு குழாயும் டொக், டொக் என்று சொட்ட ஆரம்பித்தது. அப்பா தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

"யோவ்! தவள முட்டைய்யா இது!" என்று மாமா தொட்டி விளிம்பில் விரலைத் துடைத்தார். "ஒம்புள்ள கெடக்கறான், அந்தத் தவளய அனுப்புய்யா எங்கிட்ட. ஒழுவற எடத்தக் கண்டுபுடிச்சி நேரா போயி குந்திகினுக்குது. டீக்காசு கூட கேக்காது!"

அப்பா சிரிக்கவில்லை. "ஏன்டா சொல்லல?" என்றார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அப்பா அவமானத்தில் கையை ஓங்கியிருப்பார், நீயும் வாங்கிக்கொண்டிருப்பாய், அதற்குப் பரிகாரமாகவே பட்டறைக்கும் போயிருப்பாய். நான் கதவை விட்டு வெளியே வந்தேன். முந்தானையை இழுத்துச் செருகக்கூட இல்லை. "அவன் சொல்லமாட்டாம்பா. நீ அவன நல்லாருக்குதுன்னு சொன்னது அதான் மொத வாட்டி. அந்த ஒரு பேச்சுக்குத்தான் பட்டறைக்கே வரேன்னான். அவனுக்குப் படிக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. மாமா டம்ளருக்குள் பார்த்தார். அப்பா குழாயை விட்டு உன் பக்கம் திரும்பி, "எப்ப போயி சேரணும்?" என்றார். "செவ்வாக்கெழம" என்றாய். "போறியா?" என்றார். "போறேம்பா" என்றாய். சத்தமாகவே சொன்னாய். ஏழுமலை மாமா கிளம்பும்போது, "லீக்கு இருக்கட்டும்யா. அதுங்க எல்லாம் எறங்கட்டும், அப்பறமா வந்து அடைச்சித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா உன்னிடம் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை என்று நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அவரைப் புரிந்துகொள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள், நின்றால்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருட வேலையில், இன்றைக்கு நன்றாக ஓடியது என்று சொல்ல ஒருவரும் அவரைத் தேடி வந்ததில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் சத்தமே இருக்காது என்பதுதான் அவர் கற்றது. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்தால் உன்மேல் குறை இல்லை என்று எடுத்துக்கொள். இன்று வேலைக்குப் போகாமல் உன்னோடு வாளி வாங்கப் பஸ் ஏறியிருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்.

அங்கே புது வாத்தியார்கள் இருப்பார்கள், கெட்டிக்காரப் பையன்கள் இருப்பார்கள். உனக்குத் தெரியாததைத் தெரியும் என்று யாராவது நினைத்துக்கொண்டு உன் தோளில் தட்டினால், வாயில் பற்பசை இருந்தாலும் துப்பிவிட்டு, அது நான் இல்லை என்று சொல்லிவிடு. அந்த நேரத்துக்குக் கூச்சமாக இருக்கும், அப்புறம் லேசாக இருக்கும். பாடம் புரியாவிட்டால் கேள். பசித்தால் இரண்டாவது தடவை போய் வாங்கு. எனக்காகத் திரும்பி வருவதாக மட்டும் நினைக்காதே. நான் ஒன்பதாவதோடு நின்றது உனக்காக என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன், அவ்வளவுதான். அதை நீ தூக்கிக்கொண்டு அலையாதே. எனக்கும் இங்கே வேலை இருக்கிறது. தொட்டியில் இப்போது குஞ்சுகள் திரிகின்றன. கால் முளைத்து, வால் சுருங்கி, சுவர் ஏற இன்னும் இரண்டு மாதம்போல் ஆகும். அதற்குள் கொசுப்புழு பார்க்கிற பஞ்சாயத்து அக்கா டார்ச்சோடு வந்து தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வாள். முன்பென்றால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை நானே வெளியே வந்து, "புழு இல்லீங்க்கா, மூக்கு நுனியில வெள்ளப் பொட்டு தெரியுது பாருங்க, தவளக் குஞ்சு" என்று காட்டுவேன். வால் இருக்கும்போதே சுவர் ஏறுகிறதா என்று பார்த்து உனக்கு எழுதுவேன்.

கடைசியாக ஒன்று. நீ செய்யாத வேலைக்குக் கிடைத்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரம் போனாய். செய்தவற்றுக்கு யாரும் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதில் எனக்கும் பங்கு உண்டு. எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது நீயே சோறு வடித்தாய். அடியில் கருகியதை நீ தின்றுவிட்டு மேலே இருந்ததை எனக்கு வைத்தாய். கரண்டியில் ஒட்டியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். கணக்கில் ஃபெயில் ஆன அன்று ரிப்போர்ட் வருவதற்கு முன்பே என்னிடம் வந்து சொன்னாய், பிறகு அந்த வருடம் முழுக்க விடியலில் எழுந்து கணக்குப் போட்டாய், நான் எழுப்பவில்லை. அம்மா படத்தைத் துடைக்கிற வேலையை யாரும் உன்னிடம் கொடுக்கவில்லை, ஆனால் அதில் புழுதி இருந்து நான் பார்த்ததே இல்லை. இதெல்லாம் யாரும் தவறாக நினைத்துக்கொண்டு உனக்குக் கொடுத்தது அல்ல. நீ செய்தது, நான் பார்த்தது. இதைப் படித்த பிறகு இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. நாளைக்கு முதல் வகுப்பு. நோட்டில் உன் பெயரை எழுதிக்கொண்டு, முன் பெஞ்சில் போய் உட்கார்.

அக்கா